'தி ஹார்ட் ஆஃப் மிட்லோதியன்': கருப்பொருளும் பாத்திரப் படைப்பும் – படித்து, குறிப்பெடுத்து, எழுதுவதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வால்டர் ஸ்காட் 1818இல் வெளியிட்ட இந்த நாவலை முதுகலை மாணவர்கள் சிலரோடு சேர்ந்து மூன்று முறை முழுதாகப் படித்திருக்கிறேன். கட்டுரை எழுத உட்கார்ந்ததும் பெரும்பாலோர் ஒரே இடத்தில் இடறினார்கள். நாவலை முடித்த கையோடு 'கருப்பொருள்: உண்மையே வெல்லும்' என்று எழுதிவிட்டு, அதற்குச் சான்று தேடப் புறப்பட்டார்கள். சான்று கிடைக்காது. இந்த நாவலில் உண்மை நீதிமன்றத்தில் தோற்கிறது. உண்மை சொன்னதால்தான் ஒரு பெண்ணுக்குத் தூக்குத் தண்டனை விழுகிறது.

அதனால் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். சட்டம், காட்சி, பாத்திரம், பேச்சு எல்லாம் முடிந்த பிறகே கருப்பொருளுக்கு வர வேண்டும். கீழே உள்ள படிகளை அந்த வரிசையிலேயே செய்யுங்கள்.

1. தொடங்கும் முன் தேவையானவை

பின்பக்கத்தில் ஸ்காட்ஸ் மொழிச் சொற்களுக்கு அருஞ்சொற்பொருள் உள்ள பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். உரையாடலில் பாதி ஸ்காட்ஸ் மொழியில்தான் வருகிறது. அகராதி இல்லாமல் படித்தால் முக்கியமான வரிகளையெல்லாம் உத்தேசமாகக் கடந்துவிடுவீர்கள்.

அத்தியாய எண் விஷயத்தில் கவனம் வேண்டும். முதற்பதிப்பு நான்கு தொகுதிகளாக வந்தது. அதனால் சில பதிப்புகளில் ஒவ்வொரு தொகுதியிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். வேறு சிலவற்றில் கடைசிவரை ஒரே தொடர். குறிப்பெடுக்கும்போது எண்ணோடு காட்சியின் பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் நூலகப் பிரதி கை மாறிய அன்று மொத்தக் குறிப்பும் குழம்பிப்போகும்.

எடின்பரோவின் பழைய நகர வரைபடம் ஒன்றை எடுத்து அதில் நான்கு இடங்களைக் குறியுங்கள்: செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தை ஒட்டியிருந்த டால்பூத் சிறை, தூக்குமேடை நின்ற கிராஸ்மார்க்கெட், கதையின் நாயகி ஜீனியின் டீன்ஸ் குடும்பம் மாடு வைத்துப் பால் விற்ற செயின்ட் லியோனார்ட்ஸ், நள்ளிரவுச் சந்திப்பு நடக்கும் மஷட் கற்குவியல். எல்லாமே நடந்து போகும் தூரம். 'மிட்லோதியனின் இதயம்' என்பது அந்தச் சிறைக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர். இது தெரியாமல், தலைப்பு ஏதோ காதலைச் சொல்கிறது என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டடம் 1817இல் இடிக்கப்பட்டது.

ஒரு நோட்டும் வேண்டும். அதில் மேலிருந்து கீழாகக் கோடு போட்ட நான்கு பத்திகள்: பாத்திரம், என்ன சொன்னார், எதைச் சொல்லாமல் விட்டார், அதனால் என்ன நடந்தது. மூன்றாவது பத்திதான் பின்னால் கை கொடுக்கும்.

2. முதல் வாசிப்பு: அடிக்கோடு போடாதீர்கள்

முதல் அத்தியாயத்தில் ஒரு வண்டி கவிழ்கிறது, வழக்கறிஞர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், கதைசொல்லியாக பீட்டர் பாட்டிசன் என்ற கற்பனைப் பள்ளி ஆசிரியர் வருகிறார். பலர் இங்கேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். பொறுமையாகக் கடந்துவிடுங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: கதை சொல்பவர் ஸ்காட் அல்ல, பாட்டிசன். கதைசொல்லியின் அறிவுரைகளையெல்லாம் 'ஸ்காட் கூறுகிறார்' என்று எழுதுவது நான் அடிக்கடி திருத்திய பிழை.

முதல் சுற்றில் கதையோட்டம் மட்டும் போதும். தொடக்கத்திலேயே அடிக்கோடு போட்டால் அழகான வாக்கியங்களில்தான் கோடு விழும். தேவையான வாக்கியங்கள் தப்பிவிடும்.

3. சட்டத்தை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியைத் தாண்டினால் மேலே எதுவும் சரியாக அமையாது.

எஃபி டீன்ஸ் மீதான குற்றச்சாட்டு குழந்தைக் கொலை. ஆனால் அவள் கொன்றாள் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை. 1690ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துச் சட்டம் மூன்று விஷயங்களைத்தான் கேட்கிறது. கர்ப்பத்தை முழுக் காலமும் மறைத்தாளா? பேறுகாலத்தில் யாரையும் உதவிக்கு அழைக்காமல் இருந்தாளா? குழந்தை இறந்து கிடந்ததா, அல்லது காணாமல் போனதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் அவள் கொலைகாரி.

அதாவது, அவள் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வழக்கு உடைந்துவிடும். அவள் சொல்லவில்லை. அந்த மௌனமே குற்றம். அக்கா ஜீனி கூண்டில் ஏறி 'என்னிடம் சொன்னாள்' என்றால் தங்கை பிழைப்பாள். அப்படிச் சொன்னால் அது பொய்ச்சாட்சி.

இந்த மூன்று நிபந்தனைகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் கதையில் அது எந்தக் காட்சியில் வருகிறது என்று குறியுங்கள். இதைச் செய்த மாணவர்கள் யாரும் 'ஜீனி ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறாள்' என்று அதன் பிறகு கேட்டதில்லை. சட்டம் அவளுக்கு நடுவழியே வைக்கவில்லை என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

4. ஒரே கதவு, ஐந்து பேர்

பாத்திரப் படைப்பை ஆளுக்கொரு பத்தியாக, 'இவர் நல்லவர், அவர் கெட்டவர்' என்று தொடங்காதீர்கள். எல்லோரும் ஒரே நெருக்கடியில் நிற்கும் காட்சி ஒன்றை எடுத்து, யார் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இந்த நாவலில் அதற்கென்றே அமைந்தது 1736 செப்டம்பர் 7 இரவு.

பின்னணி உண்மைச் சம்பவம். கடத்தல்காரன் வில்சனைத் தூக்கிலிட்ட நாளில் நகரக் காவல்படைத் தலைவர் போர்ட்டியஸின் ஆட்கள் கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள், பலர் செத்தார்கள். போர்ட்டியஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அரசர் வெளிநாட்டில் இருந்ததால் ஆட்சியைக் கவனித்த ராணி கரோலின் அதை ஒத்திவைத்தார். கொதித்த மக்கள் டால்பூத் சிறைக் கதவை எரித்து, அவரை வெளியே இழுத்து, சாயக்காரரின் கம்பம் ஒன்றில் தூக்கிலிட்டார்கள்.

இனி அந்த எரிந்த கதவின் அருகே ஸ்காட் நிறுத்தும் ஆட்களைப் பாருங்கள். போர்ட்டியஸ் புகைபோக்கிக்குள் ஒளிந்திருக்கிறார். கூட்டத்தை நடத்துபவன் பெண் வேடத்தில் வந்த ராபர்ட்சன், அதாவது ஜார்ஜ் ஸ்டாண்டன், எஃபியின் காதலன். வழியில் அகப்பட்ட இளம் போதகர் ரூபன் பட்லரைச் சாகப்போகிறவனுக்காகச் ஜெபிக்கச் சொல்லி இழுத்து வருகிறார்கள். அவர் கெஞ்சுகிறார், தடுக்கப் பார்க்கிறார், முடியவில்லை. பழைய திருடன் ராட்கிளிஃப், கதவு திறந்திருந்தும் போகவில்லை. சிறையிலேயே ஒரு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிறான். எஃபியும் போகவில்லை. ஓடிவிடு என்று காதலனே கெஞ்சியும், நல்ல பேரே போன பிறகு உயிர் போனால் என்ன என்று உட்கார்ந்துவிடுகிறாள்.

வெளியேறாமல் இருந்தவர்கள் இருவர், காரணங்கள் நேரெதிர். எஃபியை 'பலவீனமான தங்கை' என்று எழுதும் கட்டுரைகள் இந்த இடத்தைப் படிக்காமல் எழுதியவை. அந்த இரவில் அவளுடையதும் ஒரு மறுப்பு. பின்னால் ஜீனி மறுக்கப்போவதற்கு இது முன்னோட்டம்.

இதையே பயிற்சியாகச் செய்யுங்கள்: ஐவருக்கும் ஆளுக்கு இரண்டு வரி. பெயரடை வேண்டாம், செயல் மட்டும். 'கோழை', 'தியாகி' போன்ற சொல் வந்தால் அடித்துவிட்டு, அந்த ஆள் கையாலோ காலாலோ செய்ததை எழுதுங்கள்.

5. ஜீனியை இரண்டு காட்சிகளில் பிடியுங்கள்

முதல் காட்சி, வழக்குக்கு முன் அப்பாவோடு நடக்கும் பேச்சு. டேவிட் டீன்ஸ், திருச்சபை விவகாரத்தில் அரசு தலையிடுவதை ஏற்காத பழைய கேமரோனியப் பிரிவைச் சேர்ந்தவர். அவருடைய மனப்போராட்டம், அந்தக் கொள்கைக்காரரின் மகள் அரசு நீதிமன்றத்தில் சாட்சி சொல்லப் போகலாமா கூடாதா என்பது. 'உன் மனசாட்சிக்கு விட்டுவிடுகிறேன்' என்கிற மாதிரி பேசுகிறார். ஜீனியின் காதில் அது வேறாக விழுகிறது. தங்கையைக் காக்கப் பொய் சொன்னாலும் பரவாயில்லை என்று அப்பாவே சொல்கிறாரோ என்று அவள் பதறுகிறாள்.

ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு பாசம். பேசுவது ஒரே அறையில். ஆனால் இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த உரையாடலை வரி வரியாகப் பிரித்து, அப்பா நினைத்ததை ஒரு பக்கமும் மகள் கேட்டதை மறு பக்கமும் எழுதிப் பாருங்கள். ஸ்காட்டின் பாத்திரப் படைப்பு இவ்வளவு நுட்பமாக இருக்கும் என்று நான் முதல் வாசிப்பில் நினைக்கவேயில்லை.

இரண்டாவது, நீதிமன்றம். ஜீனி உள்ளே வருகிறாள். காப்பாற்று என்று எஃபி கதறுகிறாள். தங்கை தன் நிலையைப் பற்றி உன்னிடம் என்ன சொன்னாள் என்று வழக்கறிஞர் கேட்கிறார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதே ஜீனியின் பதில். அப்பா மயங்கி அவள் காலடியில் விழுகிறார். இங்கே அவள் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, உண்மையின் மேன்மையைப் பற்றிப் பேசவில்லை. பதிலின் சுருக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த படிக்கு வேண்டும்.

இங்கே நம்மவர்களுக்கே உரிய ஒரு தடுமாற்றம் உண்டு. ஓர் உயிரைக் காக்கச் சொல்லும் பொய்க்கு வள்ளுவரே இடம் கொடுத்திருக்கிறாரே, இவள் ஏன் இப்படி என்று கோபம் வரும். வரட்டும், அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் அதையே கட்டுரையின் தீர்ப்பாக்கினால் ஜீனி கல்நெஞ்சக்காரியாகிவிடுவாள். நாவல் அப்படிக் காட்டவில்லை. கடவுளின் பெயரால் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்வது, அவள் வளர்ந்த வீட்டில், தன் ஆன்மாவை மட்டுமல்ல, நீதி என்ற ஏற்பாட்டையே விற்பதற்குச் சமம். முதலில் அவள் வீட்டுக் கணக்கில் அவளைப் புரிந்துகொள்ளுங்கள். உடன்படுவதும் மறுப்பதும் அப்புறம்.

6. யார் எவ்வளவு பேசுகிறார்?

நோட்டின் மூன்றாவது பத்தியை இப்போது எடுங்கள்.

சேணம் செய்யும் பார்டோலின் சாடில்ட்ரீக்குச் சட்டப் பைத்தியம். அரைகுறை லத்தீனில் ஓயாமல் பேசுவார். அவர் பேச்சால் எஃபிக்கு ஒரு துரும்பளவு பயனும் இல்லை. எஃபி வேலை பார்த்தது அவர் வீட்டில்தான். சட்டத்தைப் பற்றிப் பொழுதெல்லாம் பேசுபவரின் கூரைக்குக் கீழேயே ஒரு பெண், அந்தச் சட்டம் தண்டிக்கும் மௌனத்தைச் சுமந்துகொண்டு நடமாடியிருக்கிறாள். சிரிப்புப் பாத்திரம் என்று இவரை ஒதுக்கிவிடாதீர்கள்.

எதிர்முனையில் டம்பிடைக்ஸ் நிலக்கிழார். ஜீனியைப் பார்க்க வருவார், உட்கார்ந்திருப்பார், ஒன்றும் பேசாமல் போவார். தங்கைக்கு மன்னிப்புக் கேட்க லண்டன் போகப் பணம் தேவை என்று அவள் வந்து நிற்கும்போது பணப்பெட்டியைத் திறந்து காட்டிக் கல்யாணம் பேசுகிறார். வேறொருவரை விரும்புகிறேன் என்று அவள் சொல்லிவிடுகிறாள். முதலில் பணம் கொடுக்காமல் விட்ட மனிதர், பிறகு குதிரையில் பின்னாலேயே வந்து பணத்தைக் கொடுக்கிறார். நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடங்களில் இது ஒன்று.

மேட்ஜ் வைல்ட்ஃபயர் மனம் பேதலித்தவள். நேராகக் கேட்டால் சொல்லமாட்டாள், பாட்டாகச் சொல்லிவிடுவாள். எஃபியின் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்ற உண்மையின் பெரும்பகுதி, நீதிமன்றம் சாட்சியாக ஏற்காத இவளிடம் சிதறிக் கிடக்கிறது.

பேச்சோடு கடிதங்களையும் ஒப்பிடுங்கள். லண்டனிலிருந்து ஜீனி எழுதும் கடிதங்களில் எழுத்துப்பிழை நிறைய; ஆளுக்கு ஆள் தொனி மாறும். ஸ்டாண்டனை மணந்து சீமாட்டி ஆன பிறகு எஃபி எழுதும் கடிதத்தின் நடை பளபளவென்று இருக்கும். ஊர் மொழி அதிலிருந்து அழிந்துபோயிருப்பதைச் சுட்டிக்காட்ட இரண்டு வரி மேற்கோள் போதும்.

7. பயணமும் ராணியும்

ஜீனி எடின்பரோவிலிருந்து லண்டன்வரை முழுக்க நடந்தே போனாள் என்று எழுதாதீர்கள். பெரும்பகுதி நடை, வாய்ப்பு கிடைத்த இடங்களில் வண்டி, கடைசிக் கட்டமும் வண்டிதான். சிறு பிழை என்றாலும், நாவலைப் படிக்காமல் சுருக்கத்தை மட்டும் படித்தவர் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

மன்னிப்பு ஏன் அவ்வளவு எளிதில் கிடைக்காது என்பதற்கான காரணம் படி 4இல் இருக்கிறது. போர்ட்டியஸுக்கு ராணி தந்த அவகாசத்தை எடின்பரோ மக்கள் மதிக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. அதே ஊர்ப் பெண்ணுக்கு அவர் ஏன் இரங்க வேண்டும்? முதல் அத்தியாயங்களின் கலவரமும் பின்பாதியின் கருணை மனுவும் இங்கேதான் ஒரே முடிச்சில் சேர்கின்றன. 'கலவரப் பகுதி கதையோடு ஒட்டவில்லை' என்று எழுதியவர்களை இந்த இடத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

சந்திப்புக் காட்சியை மெதுவாகப் படியுங்கள். தவறாகப் பேசினால் எச்சரிக்கக் கழுத்துத்துணியைத் தொட்டுக் காட்டுவதாக, அவளை ராணியிடம் அழைத்துப்போகும் ஆர்கைல் கோமகன் சொல்லி வைத்திருக்கிறார். அப்படியும் ஜீனி, ஒழுக்கம் தவறியவர்களைத் தேவாலயத்தில் உட்கார வைக்கும் நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறாள். அருகில் நிற்பதோ அரசரின் ஆசைநாயகியான சஃபோக் சீமாட்டி. ஜீனிக்கு அது தெரியாது. ராணி உள்ளுக்குள் மகிழ்ந்துபோகிறார்.

ராணி இளகுவது அதற்குப் பிறகு. சாகும் நேரத்தில் நமக்காகச் செய்துகொண்டது நினைவில் நிற்காது, பிறருக்காகச் செய்ததுதான் ஆறுதல் தரும் என்று ஜீனி பேசும் பேச்சு அவரை அசைக்கிறது. நீதிமன்றத்தில் ஒற்றை வரியோடு நிறுத்தியவள் இங்கே பத்தி பத்தியாகப் பேசுகிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே சட்டத்துக்குத் தேவைப்பட்டது ஒரு தகவல் மட்டும். இங்கே ஒரு மனுஷி கேட்டுக்கொண்டிருக்கிறார். கட்டுரையின் நடுப்பகுதி இந்த ஒப்பீடாக இருக்கட்டும் என்பது என் பரிந்துரை.

8. இப்போது கருப்பொருள்

ஒற்றைச் சொல்லைக் கருப்பொருளாக வைக்காதீர்கள். 'உண்மை', 'கருணை', 'நீதி' எல்லாம் தலைப்புகள்தான். கருப்பொருள் என்பது அந்தச் சொற்களுக்கு இடையில் நடக்கும் இழுபறி. அதை முழு வாக்கியமாக எழுதுங்கள், அதில் 'ஆனால்' என்ற சொல் வருகிறதா என்றும் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு: 'ஜீனி உண்மையை விட்டுக்கொடுக்கவில்லை, ஆனால் அந்த உண்மை தங்கைமேல் சுமத்திய தண்டனையைத் தன் கால்களால் நடந்துபோய் இறக்கி வைக்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொள்கிறாள்.' இப்படி எழுதினால் பாத்திரமும் கருப்பொருளும் தனித்தனியாக நிற்காது.

இன்னொரு வழி, மௌனத்தைப் பின்தொடர்வது. எஃபியின் மௌனம் குற்றமாகிறது. டம்பிடைக்ஸின் மௌனம் அன்பாகிறது. ஜீனியின் சாட்சியமே தங்கையின் மௌனத்தைப் பற்றியதுதான். நோட்டை நிரப்பியிருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கும்.

9. கடைசிப் பகுதியை வெட்டாதீர்கள்

மன்னிப்பு கிடைத்ததும் கதை முடிந்துவிட்டது என்று நினைத்து நான்காம் தொகுதியை ஒரு வரியில் கடப்பவர்கள் நிறைய. தொய்வான பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஜீனியைப் பற்றிய மிகச் சிக்கலான சான்று அங்கேதான் இருக்கிறது.

பட்லரைக் கல்யாணம் செய்து, போதகரின் மனைவியாகக் குடித்தனம் நடத்தும் ஜீனி, தங்கை இப்போது யார் என்பதைப் பல ஆண்டுகள் மறைத்து வைக்கிறாள். நிலம் வாங்கப் பணம் போதாதபோது எஃபி அனுப்பிச் சேர்ந்த தொகையை எடுத்துக் கணவர் முன் வைக்கிறாள். எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்லவில்லை. கடைசியில், தந்தை என்று தெரியாமலே ஸ்டாண்டனின் சாவுக்குக் காரணமான எஃபியின் மகன் (அன்று காணாமல் போன அதே குழந்தை) கட்டுண்டு கிடக்கும்போது, யாரிடமும் அனுமதி கேட்காமல் அவனுடைய கட்டுகளைத் தளர்த்துகிறாள். அவன் தப்பி ஓடிவிடுகிறான்.

பொய் சொல்லாதவள் இங்கே சொல்லாமல் இருக்கிறாள். சட்டத்தின் முன் தலை வணங்கியவள் ஒரு முடிச்சை அவிழ்க்கிறாள். இது முரண்பாடா, வளர்ச்சியா? நீங்களே முடிவெடுத்து, காரணத்தோடு எழுதுங்கள். என் கட்சி வளர்ச்சி. மாணவர்களில் பாதிப்பேர் என்னோடு சண்டை போட்டார்கள், அவர்கள் கட்டுரைகளும் நன்றாகவே வந்தன.

10. எழுதும் வரிசை

முதல் பத்தியில் 1690 சட்டத்தையும் உங்கள் 'ஆனால்' வாக்கியத்தையும் வையுங்கள். ஆசிரியரின் வாழ்க்கை வரலாறு வேண்டாம். அடுத்து எரிந்த கதவு, பிறகு அப்பா-மகள் பேச்சு, நீதிமன்றம், ராணி, கடைசியாக அவிழ்ந்த கட்டு. துணைப் பாத்திரங்களுக்குத் தனிப் பத்தி கொடுக்காமல், அந்தந்தக் காட்சியில் அவர்கள் நிற்கும் இடத்திலேயே பேசுங்கள்.

வரலாற்றையும் கற்பனையையும் கலக்கவிடாதீர்கள். போர்ட்டியஸ் கலவரம் நடந்தது. ஜீனிக்கு முன்மாதிரி டம்ஃப்ரீஸ் பக்கத்து அயர்ன்கிரேயைச் சேர்ந்த ஹெலன் வாக்கர் என்ற பெண். அவரும் தங்கைக்காகப் பொய்ச்சாட்சி சொல்ல மறுத்து, லண்டன் போய் மன்னிப்பு வாங்கி வந்தவர், 1791இல் இறந்தார். இரண்டையும் ஒரே கதையாக முடிச்சுப் போட்டது ஸ்காட்டின் வேலை. ஸ்டாண்டன் கலவரத்தை நடத்தினார் என்பதை வரலாறாக எழுதிவிடாதீர்கள்.

மேற்கோள்களைச் ஸ்காட்ஸ் மொழியிலேயே கொடுங்கள். நவீன ஆங்கிலத்துக்கு மாற்றி எடுத்தெழுதினால், படி 6இல் பேச்சை வைத்துச் சொன்ன எதற்கும் சான்று மிஞ்சாது.

எழுதி முடித்து ஒரு நாள் விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் ஒரு காட்சியாவது இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். இல்லாத பத்திக்கு நோட்டிலிருந்து ஒன்றை எடுத்து வையுங்கள். எடுக்க எதுவும் இல்லையென்றால் அந்தப் பத்தியை நீக்கிவிடுங்கள்.